இளவேழனிடம் யாரும் சொல்லவில்லை

சித்திரை மாதத்தில் ஒரு காலை நேரம், வளசையூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, காய்கறிக் கடைகளின் தார்ப்பாய்களுக்கு மேலே, வானத்திலிருந்து இறங்கிய ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு இளவேழன் தொங்கிக்கொண்டிருந்தபோது, சௌந்தரம் அரைக்கிலோ கத்தரிக்காய் வாங்கிவிட்டுக் கொசுறாகக் கொஞ்சம் கறிவேப்பிலை கேட்டுக்கொண்டிருந்தாள். கடைக்காரப் பெண் அண்ணாந்து பார்த்தாள், சௌந்தரமும் பார்த்தாள். நீலத் தலைப்பாகை, இடுப்பில் வாள், தொடைக் காயத்துக்குக் கட்டிய மஞ்சள் துணி. இந்த வெயிலில் இவ்வளவு துணியைச் சுற்றிக்கொண்டு எப்படித்தான் இருக்கிறானோ என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, கறிவேப்பிலையைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வருஷமாக அவளுக்கு எல்லாமே இப்படித்தான் இருந்தது. பார்த்தால் பார்த்ததோடு சரி, கேட்டால் கேட்டதோடு சரி, அதற்கு மேல் உள்ளே ஒன்றும் இறங்குவதில்லை. மரத்துப்போன காலோடு நடக்கிறவளுக்குச் செருப்பு கழன்றதுகூடத் தெரியாது, அந்த மாதிரி நடந்துகொண்டிருந்தாள்.

அவனை முதலில் அடையாளம் கண்டது டீக்கடை சண்முகவேலு. சௌந்தரத்தின் வீட்டுக்காரர் தெய்வசிகாமணிக்கு உடன்பிறந்த தம்பி. பால் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே வந்தவர், மேலே பார்த்து, தலையில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "நம்ம இளவேழன்ல?" என்றார். பால் பொங்கி வழிந்தது. அதற்குள் பேங்க் மேனேஜர் வந்துவிட்டார், பல் டாக்டர் வந்துவிட்டார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சட்டைப் பொத்தான் போடாமல் வந்துவிட்டார். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் வந்து நின்று பார்த்து, கடைசி அத்தியாயத்தில் எப்படி விட்டார்களோ அப்படியே இருக்கிறான், மஞ்சள் துணியில் ரத்தக்கறைகூட அதே இடத்தில் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கயிற்றின் மறுமுனை எங்கே கட்டியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. தாசில்தார் மட்டும் கேட்டார், பதில் வராததால் அவரும் விட்டுவிட்டார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். பவளதாசன் என்று ஒரு எழுத்தாளர் இருந்தார். ஏழு கடல் சுற்றியவர் என்றும், ஏதோ ஒரு ஜமீனின் வாரிசு என்றும், ஜின்னை வசியம் பண்ணி வைத்திருக்கிறார் என்றும் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மனிதர் தன் தெருவை விட்டு அதிகம் நகர்ந்ததில்லை, கப்பலைப் படத்தில்தான் பார்த்தவர். அவர் ஒரு வாரப் பத்திரிகையில் எழுதிய தொடர்கதை 'நீலப்பிலம்'. மந்திரவாதி, பேசும் ஆமை, ஏழு வாசல் உள்ள மலை, எல்லாவற்றுக்கும் அடியில் அடியே இல்லாத நீலப் பள்ளம். வியாழக்கிழமைகளில் பத்திரிகைக் கட்டு பஸ்ஸிலிருந்து இறங்கினால் கடைக்குப் போய்ச் சேராது, நிலையத்திலேயே பிரித்துவிடுவார்கள். கதாநாயகியின் பெயரை வைத்துக்கொண்ட பெண்கள் வளசையூரில் வார்டுக்கு இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஓடிக்கொண்டிருந்த கதையில், இளவேழனை நீலப்பிலத்துக்கு மேலே ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டு, கீழே 'தொடரும்' என்று போட்ட அந்த வாரத்தில் பவளதாசன் செத்துப்போனார். பத்திரிகைக்காரர்கள் அதை உடனே சொல்லவில்லை. 'ஆசிரியரின் உடல்நலக் குறைவால் இந்த வாரம் நீலப்பிலம் இடம்பெறவில்லை, அடுத்த வாரம் அவசியம் வரும்' என்று பெட்டி கட்டிப் போட்டார்கள். அதற்கடுத்த வாரமும் போட்டார்கள், அதற்கடுத்த வாரமும் போட்டார்கள், கடைசியில் ஒரு நாள் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் சாவுச் செய்தி வந்தது.

வளசையூரில் அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு வயசாக இருந்த எல்லாருக்கும் வாழ்க்கையில் வந்த முதல் கவலை, இளவேழன் விழுந்துவிடுவானா என்பதுதான். அதற்குப் பிறகு பரீட்சை, வேலை, கல்யாணம், வீட்டுக் கடன், சர்க்கரை வியாதி என்று கவலைகள் வரிசையில் வந்து போயின. ஆனாலும் முதல் கவலைக்கு இருக்கிற மவுசு வேறு எதற்கும் வராது. பல் டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்து கிடப்பவரிடம்கூட, அந்த ஆமை கடைசியில் காட்டிக்கொடுத்திருக்கும் என்கிறீர்களா என்று கேட்பார். வாயில் கருவி இருப்பதால் எதிராளி தலையை மட்டும் ஆட்டுவார்.

ஆக, தொங்கிக்கொண்டிருந்தவன் முதல் நாளே கீழே குனிந்து, நல்ல தமிழில், "ஐயன்மீர், பவளதாசர் நலமா? அடுத்த அத்தியாயம் எப்போது வரும்?" என்று கேட்டபோது, கூடியிருந்த அத்தனை பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் சொன்னது சண்முகவேலு. யோசித்துச் சொன்னதல்ல, வாயில் தானாக வந்தது.

"ஐயாவுக்குக் கொஞ்சம் மேலுக்கு முடியல தம்பி. அடுத்த வாரம் எழுதிருவாரு."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். இதில் யாருக்கும் குற்ற உணர்வு இல்லை, ஏனென்றால் அந்த ஊரில் சாவை யாரும் யாருக்கும் நேராகச் சொன்னதே கிடையாது. வெளியூரில் இருப்பவனுக்கு அப்பா செத்தால், சீரியஸாக இருக்கிறது உடனே கிளம்பி வா என்பார்கள், அவன் பஸ்ஸில் வேண்டிக்கொண்டே வந்து தெருமுனையில் பந்தலைப் பார்த்துத் தெரிந்துகொள்வான். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிரசவம் ஆகும்வரை சொல்ல மாட்டார்கள். படுக்கையில் கிடக்கும் கிழவிகளுக்குச் செத்துப்போன மகன்கள் இன்னும் பம்பாயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றில் தொங்குகிறவனிடம் போய் உன்னை எழுதியவர் இல்லை என்று எந்த மனுஷன் சொல்லுவான்? கை நழுவிவிட்டால்?

ஏணி வைத்து இறக்கப் பார்த்தார்கள், அவன் மறுத்துவிட்டான். பவளதாசர் எழுதாமல் கையை விட்டால் அது அவருக்குச் செய்கிற துரோகம் என்றான். சரி, இருக்கட்டும் என்று ஊர் அவனை வைத்துக்கொண்டது. பஸ் கண்டக்டர்கள் தொங்கலார் ஸ்டாப் என்று சொல்லி டிக்கெட் கிழித்தார்கள். தெருவிளக்கு மாட்டும் நகராட்சி வண்டியை ஓட்டுகிற சேவுகன், அந்த இரும்புக் கூண்டில் ஏறிப்போய் காலையில் இட்லியும் மத்தியானம் சோறும் ஊட்டிவிட்டு வருவான். வாரம் ஒரு தடவை கூண்டில் நாவிதரை ஏற்றி முகச்சவரம். மழைக்கு நாலு குடைகளை ஒட்டுப்போட்டு ஒரு குடை செய்தார்கள். கல்யாணம் முடிந்த ஜோடிகள் அவனுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இடையில் தேர்தல் வந்தது. அவன் தலைப்பாகை ஒரு கட்சியின் நிறத்தில் இருக்கிறது என்று இன்னொரு கட்சி மனு கொடுக்க, அதிகாரிகள் வந்து சிலைகளை மூடுவதுபோல அவன் தலையையும் சாக்குத் துணியால் மூடினார்கள். முடிவு வந்த பிறகு அவிழ்த்துவிட்டபோது, யார் ஜெயித்தது என்று அவன் கேட்கவில்லை. அத்தியாயம் வந்துவிட்டதா என்றுதான் கேட்டான்.

வெளியூர்களிலிருந்து பழைய வாசகர்கள் வேன் பிடித்து வந்தார்கள். ஒவ்வொருவரும் தான் இத்தனை காலமாக மனசுக்குள் எழுதி வைத்திருந்த முடிவை அவனிடம் கத்திச் சொன்னார்கள். கழுகு வந்து தூக்கிப் போகிறது, இளவரசியின் கூந்தல் நீண்டு இறங்குகிறது, மந்திரவாதியே மனம் திருந்தி ஏணி போடுகிறான். அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பான். "நன்று. ஆயினும் பவளதாசர் இவ்வாறு எழுத மாட்டார்" என்பான். வந்தவர்கள் கோபித்துக்கொள்ளாமல், அதுவும் சரிதான் என்று டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

பொழுது போகாமல், தன் கதையை முதலிலிருந்து கேட்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டபோதுதான் ஊருக்கு சௌந்தரத்தின் ஞாபகம் வந்தது. நூலகப் பிரதியில் பாதிப் பக்கம் இல்லை. முழுசாக இருந்தது தெய்வசிகாமணியின் பைண்டு மட்டும்தான். அவர் வாராவாரம் பத்திரிகையிலிருந்து பக்கங்களைக் கத்தரித்து, சணல் நூலால் தைத்து, பட்டுப்புடவைப் பெட்டியின் அட்டையை மேலே ஒட்டி வைத்திருந்தார். பக்கங்களின் முதுகில் காபிப்பொடி விளம்பரமும் துணுக்குகளும் கோலங்களும் இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார், சாப்பிடக் கூப்பிட்டால் காது கேட்காது. சௌந்தரம் அதை ஒரு நாளும் திறந்ததில்லை. கொண்டுவரச் சொன்னபோது, ரேஷன் கடைக்குப் பை எடுத்து வருகிற மாதிரி எடுத்து வந்தாள்.

தலைமையாசிரியர் படிக்க ஆரம்பித்தார், மூன்றாம் பக்கத்தில் குரல் உடைந்தது. பேங்க் மேனேஜருக்கும் அப்படியே ஆயிற்று. மதினி, நீங்க படிங்க என்று சண்முகவேலு அவளிடம் கொடுத்தார். அவளுக்கு எதுவும் உடையவில்லை. மீட்டர் ரீடிங் படிக்கிற குரலில், வாளும் பூதமும் வசந்த மண்டபமும் ஒரே சீராக வந்தன. இளவேழனுக்கு அது பிடித்துப்போயிற்று. அதன்பிறகு தினமும் சாயங்காலம் அவள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நகராட்சி மைக்கில் வாசித்தாள். இதிலே வீட்டுக்காரர் என்னத்தைக் கண்டார் என்று சில சமயம் யோசித்துப் பார்ப்பாள். யோசனை பாதியில் நின்றுவிடும்.

ஆனால் வாசிக்கிறவளுக்குக் கேட்பவனைப் பார்க்காமல் இருக்க முடியாது. அவன் உள்ளங்கைத் தோல் உரிந்து, கயிற்றில் அந்த இடம் மட்டும் கறுத்திருந்தது. தோள்கள் இறங்கிப்போயிருந்தன. வியாழக்கிழமை காலைகளில் மட்டும் அவன் சேவுகனிடம் தண்ணீர் வாங்கி முகத்தில் விடச்சொல்லி, தலைப்பாகையைச் சரிபண்ணச்சொல்லி, பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். பஸ் வந்து போகும். அடுத்த வாரம் தம்பி என்று சண்முகவேலு சொல்வார். அவன் சிரித்துக்கொண்டு, "அவர் உடல் தேறட்டும், அதுதான் முக்கியம்" என்பான். அதைப் பார்க்கும்போது சௌந்தரத்துக்குத் தன் கையில் ஒரு பிளாஸ்க் இருப்பதுபோலத் தோன்றும்.

பிளாஸ்க் விஷயம் இதுதான். போன வருஷம் விடியற்காலையில் தெய்வசிகாமணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சண்முகவேலு காரில் ஏற்றிக்கொண்டு போனார், பின்னாலேயே பஸ்ஸில் போன சௌந்தரத்தை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, "ஐசியூல வச்சிருக்காங்க மதினி, நாளைக்கு வார்டுக்கு மாத்திருவாங்க" என்றார். அவள் உறவினர் வீட்டில் உப்பில்லாமல் ரவைக் கஞ்சி காய்ச்சி, பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு வந்து, இரும்பு நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அவருக்கு வாய் துடைப்பதற்குப் புதுத் துண்டு ஒன்று வாங்கினாள். நாத்தனார்கள் கண் வீங்கி வந்து ஜலதோஷம் என்றார்கள், அவள் அவர்களுக்கு மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொன்னாள். நர்ஸ் பிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு போய், காலியாகத் திருப்பித் தந்தாள். சார் குடிச்சிட்டார்மா என்றாள். தெய்வசிகாமணி காரிலேயே போய்விட்டிருந்தார். மஸ்கட்டிலிருந்து மகன் வந்துசேரக் காத்திருந்தார்கள். மறுநாள், வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம் என்று அவளைக் கூட்டிவந்தபோது, தெருவில் பந்தலும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் கிடந்தன. யார் வீட்டில் என்று அவள் கேட்டாள்.

அப்போது சொன்னார்கள். அவள் சுற்றிலும் பார்த்தாள், எல்லாரும் ஏற்கெனவே அழுது முடித்தவர்களாக இருந்தார்கள். அவளுக்காக இன்னொரு தடவை அழுதார்கள், ஆனால் அது இரண்டாம் தடவை அழுகிற அழுகை. அவளுக்கு வரவில்லை. அன்றைக்கு வராதது பிறகும் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சிலர் காதுபடவே பேசினார்கள், அதுவும் உள்ளே இறங்கவில்லை.

ஐப்பசியில் பைண்டு முடிந்தது. கடைசி அத்தியாயத்தைப் படித்தாள், 'தொடரும்' என்பதையும் படித்தாள். அடுத்த தாள்களில், அடுத்த வாரம் அவசியம் வரும் என்ற பெட்டிச் செய்திகளை தெய்வசிகாமணி வரிசையாக ஒட்டியிருந்தார். சாவுச் செய்தியை மட்டும் ஒட்டவில்லை. அவரும் இளவேழனிடம் சொல்லவில்லை.

"பிறகு, அம்மா?" என்று மேலிருந்து இளவேழன் கேட்டான்.

அவள் பைண்டை மூடினாள். சண்முகவேலு மைக்கைத் தன் பக்கம் திருப்பி, அடுத்த வாரம் என்றார்.

மறுநாள் அவள் கடைக்குப் போய், அவனிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றாள். சண்முகவேலுவுக்கு டீ ஆற்றுகிற கை நின்றது. ஊரே அவன்மேல் உசுரை வைத்திருக்கிறது, சொன்னால் கையை விட்டுவிடுவான், அண்ணன் ஆயுசு முழுக்கப் பாதுகாத்த ஆளை நீங்கள் கொன்ற மாதிரி ஆகிவிடும் என்றார். அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. மரத்துப்போன உடம்பில் அது ஒன்றுதான் தெரிந்தது.

"அன்னைக்கு எங்கிட்டச் சொல்லாததும் இதுக்குத்தானா தம்பி? விழுந்துருவேன்னா?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆமா மதினி" என்றார். "தாங்க மாட்டீங்கன்னு நெனச்சோம்."

"விழுந்திருந்தா எந்திரிச்சிருப்பேன்" என்றாள் சௌந்தரம்.

அதற்கு மேல் அவர் தடுக்கவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. மத்தியானச் சாப்பாட்டோடு சேவுகன் கூண்டில் ஏறியபோது அவளும் ஏறிக்கொண்டாள். வெயில் உச்சியில் இருந்தது, காய்கறிக்காரப் பெண்கள் ஈரச் சாக்கை மூட்டைகள்மேல் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார்கள். இளவேழனைப் பக்கத்தில் அப்போதுதான் பார்த்தாள். சின்னப் பையனின் முகம், கண்ணுக்குக் கீழே மட்டும் வயசு ஏறியிருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வாயைத் திறந்தாள், ஊர்ப் பழக்கம் முந்திக்கொண்டது.

"பவளதாசருக்கு ரொம்ப சீரியஸா இருக்காம்" என்றாள்.

அவன் முகம் வாடியது. அவள் கூண்டின் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல. சீரியஸ் இல்ல. செத்துப்போயிட்டாருய்யா."

"எப்போது?"

"எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முந்தி. எம் புள்ளைக்கே இப்ப நாப்பது ஆகப்போகுது."

அவன் கீழே பார்த்தான். டீக்கடை, பேங்க் வாசல், பல் டாக்டர் மாடி, எல்லா இடத்திலும் ஆட்கள் அண்ணாந்தபடி நின்றார்கள்.

"இவர்களுக்கெல்லாம் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத்தான் கடைசியாகத் தெரிகிறதா, அம்மா?"

"ஆமாய்யா. எங்க வீட்டுல நான்தான் கடைசி."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு கைகள் விட்டன. அவன் விடவில்லை, கைகள்தான் விட்டன. சௌந்தரம் எட்டிப் பிடிக்கப் பார்த்தாள், தலைப்பாகையின் ஓரம்தான் விரலில் பட்டது. கீழே ஊர் மொத்தமும் கண்ணை மூடிக்கொண்டது. நீலப்பிலத்தில் விழ வேண்டியவன், தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு முட்டைகோஸ் மூட்டைகளின்மேல் விழுந்தான், எல்லாரும் விழுகிற மாதிரி, கையையும் காலையும் பரப்பிக்கொண்டு, கௌரவம் பார்க்காமல் விழுந்தான். கயிறு காற்றில் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு மேலே போய்விட்டது.

கூண்டு இறங்குகிற வரைக்கும் அவன் செத்துவிட்டான் என்றுதான் சௌந்தரம் நினைத்தாள். இறங்கி ஓடிவந்தபோது அவன் மண்ணில் உட்கார்ந்திருந்தான். ஒரு கை மடங்காமல் தொங்கியது. பவளதாசருக்குக் கடைசியில் என்ன நோய், பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று கேட்டான், யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் அவன் அழ ஆரம்பித்தான். பூதத்துக்கு அழாதவன், தொடையில் ஈட்டி பாய்ந்தபோது அழாதவன், வாயைத் திறந்து, மார்பில் அடித்துக்கொண்டு, "ஐயா, ஐயா" என்று அழுதான். ஊர் அவனைச் சுற்றி நின்று, சரி விடுப்பா, ஆனது ஆச்சு, என்ன பண்றது என்றது. யாரோ கோலி சோடா உடைத்துக் கொடுத்தார்கள். பவளதாசனுக்காக அவர்கள் எல்லாரும் அரை டிராயர் போட்டிருந்த வயசிலேயே அழுது முடித்திருந்தார்கள்.

சௌந்தரம் அந்த முகங்களைப் பார்த்தாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த முகங்கள். தள்ளிக்கொண்டு உள்ளே போய், முட்டைகோஸ் இலைகளுக்கு நடுவே காலை மடக்கி உட்கார்ந்து, சாவு வீட்டில் பெண்கள் போடுகிற மாதிரி அவன் தோளில் கையைப் போட்டு, அவன் தலையோடு தன் தலையைச் சேர்த்துக்கொண்டாள். அவன் ஐயா என்று அழுதபோது அவளும் வாயைத் திறந்தாள். "என்னங்க" என்று வந்தது. ஆயுசு முழுக்க அவரைக் கூப்பிட்ட வார்த்தை, கஞ்சி ஆறிப்போகிறது எழுந்திரிங்க என்று சொல்லக் கூப்பிடுகிற அதே குரலில் முதல் தடவை வந்தது. இரண்டாம் தடவை வந்தது வேறு குரல். அதைக் கேட்டுச் சண்முகவேலு கடையின் ஷட்டரை இறக்கினார். பக்கத்துக் கடைக்காரரும் இறக்கினார். பஜார் முழுக்க ஒவ்வொன்றாக இறங்கின.

அவன் அழுகை முதலில் ஓய்ந்தது. அவளுடையது ஓயவில்லை, இருட்டும் நேரம் ஆகியும் ஓயவில்லை. உடைந்த கைக்குக் கட்டுப்போட வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. இளவேழன் எழுந்திருக்கவில்லை. அவள் அழுது முடிக்கட்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.